டூரிங் பைக் வச்சிருக்கவங்க தயவு செஞ்சு படிங்க: ரீகால் வேலைன்னு 18,500 ரூபாய் வாங்கிட்டாய்ங்க, வேலையும் பண்ணல

இத நேத்தே எழுத உக்காந்தேன், கோபத்துல வாய்க்கு வந்ததெல்லாம் எழுதிடுவேன்னு வீட்டுக்காரி போனை வாங்கி வச்சிட்டா. இன்னைக்கும் கோபம் குறையல. ரீகால்னா குறை இருக்க பார்ட்ட கம்பெனியே வண்டிய கூப்பிட்டு தன் செலவுல சரி பண்றது, அதுக்கு போயி 18,500 ரூபாய் போச்சு. பணம் போனது கூட ரெண்டாவது, அம்புட்டு பணத்த வாங்கிட்டு வேலையே செய்யாம, செஞ்சாச்சுன்னு ஸ்டிக்கர் ஒட்டி புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரையும் மலைப்பாதைல இறங்க விட்டாய்ங்க பாருங்க, அத நினைச்சா தான் வயிறு எரியுது.

நான் கூடலூர், தேனி மாவட்டம் கூடலூர், நீலகிரி இல்ல. ஏலக்காய் யாவாரம். வாரத்துல நாலு நாள் குமுளி ஏறி இறங்குற ஆளு, ஏலத்துக்குன்னா புத்தடி, இல்லாட்டி போடி. ரெண்டு வருஷம் முன்னாடி சென்னைல ஒருத்தர்கிட்ட செகண்ட்ஹேண்டா ஒரு டூரிங் பைக் வாங்கினேன், 2021 மாடல், 650 சிசி, ரெண்டு பக்கமும் பெட்டி வச்சது. கம்பெனி பேரு வேண்டாம், ஏன்னா எனக்கு கோபம் கம்பெனி மேல இல்ல. ஆர்சிய என் பேருக்கு மாத்தியாச்சு, இன்சூரன்ஸ் மாத்தியாச்சு, கம்பெனி ரெக்கார்டுல மட்டும் இன்னும் அந்த சென்னைக்காரர் பேரும் அவர் போன் நம்பரும் தான் இருந்துச்சு. அதுல என்ன இருக்குன்னு விட்டுட்டேன். எல்லாம் அங்க இருந்து தான் ஆரம்பிச்சது.

பின் பிரேக் மேல எனக்கு ரொம்ப நாளாவே சந்தேகம். ஒரு மணி நேரம் ஓட்டிட்டு இறங்கி வண்டிய தள்ளுனா கனமா இருக்கும், யாரோ பின்னாடி பிடிச்சு இழுக்குற மாதிரி. கொஞ்ச நேரம் நிறுத்தி வச்சா சரியாயிடும். இதே மாடல் வச்சிருக்க கம்பத்து பையன் ஒருத்தனும், கட்டப்பனைல ஒரு ஸ்கூல் வாத்தியாரும் இதையே தான் சொன்னாங்க. பக்கத்துல மெக்கானிக்கிட்ட கேட்டா புது பேடு, ஓட ஓட பழகிடும்னாரு. நாங்க மூணு பேரும் புலம்புனோமே தவிர ஒருத்தரும் எங்கயும் எழுதி புகார் குடுக்கல, இத பத்தி கீழ சொல்றேன்.

ஆடிப்பெருக்குக்கு முந்தின வாரம், கேரளா பக்கம் ஒரு டவுன்ல எல்லா கம்பெனி பெரிய பைக்கும் பார்க்குற ஒரு கராஜுக்கு செயின் ஸ்பிராக்கெட் மாத்த போனேன். ஊரு பேரும் சொல்லல. கண்ணாடி ரூம், ஏசி, உக்காந்ததும் கையில காப்பி, சுவரு பூராம் லடாக் போட்டோ, வரிசையா மாட்டுன ஸ்பேனர் ஒண்ணு கூட கோணல் இல்ல. மேனேஜர் பையன் நல்லா தமிழ் பேசுனான். வண்டிய ஒரு சுத்து சுத்தி வந்து, "அண்ணா இந்த மாடலுக்கு ரீகால் வந்திருக்கு, உங்களுக்கு லெட்டர் வரலையா?"ன்னு கேட்டான்.

எனக்கு ஒண்ணும் வரலயே தம்பின்னேன். உடனே போன் டார்ச்ச அடிச்சு ஹேண்டிலுக்கு கீழ கழுத்துல அடிச்சிருக்க சேஸிஸ் நம்பர படிச்சான், என்னையும் குனிஞ்சு பார்க்க சொன்னான், கம்பெனி சைட்ல ஒவ்வொரு எழுத்தா 17 எழுத்தையும் என் முன்னாடியே போட்டான். சிவப்பு எழுத்துல வந்துச்சு. பின் பிரேக் மாஸ்டர் சிலிண்டர் (மிதிய அமுக்குனா பிரேக் ஆயில தள்ளுற பார்ட்டு) மாத்த வேண்டிய வண்டி, வேலை இன்னும் ஆகலன்னு. என் வண்டி, என் நம்பர், நான் இத்தன நாளா சந்தேகப்பட்ட அதே பின் பிரேக்கு.

அந்த நிமிஷத்துல எனக்கு அவன் மேல வந்த மரியாதை இருக்கே, கூடப்பொறந்தவன் மாதிரி தோணுச்சு. ரெண்டு வருஷமா யாரும் சொல்லாதத இவன் ஒரே பார்வைல சொல்லிட்டானேன்னு. இங்க தான் விழுந்தேன், எல்லாரும் இத கவனிங்க, அவன் காட்டுனது நிஜம். ரீகால் நிஜம், கம்பெனி சைட் நிஜம், என் நம்பர் அதுல இருந்தது நிஜம். பொய் அதுக்கு அடுத்த வரில தான் வந்துச்சு.

கம்பெனி தப்புக்கு நான் எதுக்கு தம்பி காசு குடுக்கணும்னு கேட்டேன், கேக்காம இல்ல. அதுக்கு அவன் சொன்னான், "ஃபர்ஸ்ட் ஓனருக்கு தான் அண்ணா ஃப்ரீ, நீங்க செகண்ட் ஓனர், பாருங்க கம்பெனில உங்க பேரே இல்ல. மதுரை இல்ல எர்ணாகுளம் போனீங்கன்னா பார்ட்டு வர ரெண்டு மாசம், அதுக்குள்ள காட் ரோட்டுல ஏதாவது ஆச்சுன்னா? நம்மகிட்ட ஒரிஜினல் பார்ட்டு ஸ்டாக் இருக்கு, பார்ட்டு லேபர் எல்லாம் சேர்த்து 18,500, மூணு மணி நேரத்துல சாவிய குடுத்துடுறேன், ஒண்ணும் பேடிக்கண்டா சேட்டா" (பயப்படாதீங்கண்ணான்னு மலையாளத்துல). கம்பெனில என் பேரு இல்லைங்கிறது எனக்கே தெரிஞ்ச விஷயம், அதனால மத்ததும் சரியா இருக்கும்னு நம்பிட்டேன். ஒரு வெள்ளைத் தாள்ல பேனால எஸ்டிமேட் எழுதினான், ஜிபே நம்பர் காட்டுனான், கராஜ் பேரு வராம ஒரு பொம்பளை பேரு வந்துச்சு, "அக்கவுண்டன்ட் மேடம் அண்ணா"ன்னான், அனுப்பிட்டேன். பில்லு அப்புறம் வாட்சப்ல வரும்னான். இன்னைக்கு வரைக்கும் வரல.

சாயங்காலம் வண்டி பளபளன்னு கழுவி நின்னுச்சு. பின் சக்கரத்து பக்கம் சின்னதா ஒரு பச்சை ஸ்டிக்கர், ரீகால் டன்னு போட்டு தேதியோட. என் காலாலயே மிதிய அமுக்க சொன்னான், "எப்படிண்ணா இருக்கு?"ன்னான், நல்லாத்தான் இருக்கு தம்பின்னேன். ஏழு மணிநேரம் நின்ன வண்டிக்கு நல்லாத்தானே இருக்கும், சூடு ஏறுனா தானே அதோட நோயே தெரியும். இது எனக்கு அப்ப தோணல.

பன்னெண்டு நாள் கழிச்சு வண்டிப்பெரியாறுல சொந்தக்காரங்க வீட்டு விசேஷம். நானும் வீட்டுக்காரியும் போயிட்டு மூணரை நாலு மணிக்கு குமுளி செக்போஸ்ட் தாண்டி இறங்குறோம். சாரல் விட்டுவிட்டு அடிக்குது. ரெண்டு வளைவு தாண்டுனதும் பின்னாடி இருந்து, "ஏங்க, ஏதோ கருகுற வாடை வரல?"ன்னா. லாரி கிளட்ச் வாடையா இருக்கும்னு சொன்னேன், முன்னாடி ஒரு லாரி இறங்கிட்டு இருந்துச்சு, நிஜமாவே அப்படித்தான் நினைச்சேன். அடுத்த வளைவுல பின் பிரேக்க மிதிச்சேன், மிதி அப்படியே கீழ போயி ஃபுட்ரெஸ்ட்டுக்கு அடில தொங்குது. ஒண்ணுமே இல்ல, காத்த மிதிச்ச மாதிரி. முன் பிரேக்கு இருந்துச்சு, கியர ரெண்டு இறக்கி ஒண்ணுக்கு கொண்டு வந்து இஞ்சின் பிடில உருட்டி மாதா கோயில் பக்கம் அகலமான இடத்துல ஓரம் கட்டிட்டேன். மழைல முன் பிரேக்க மட்டும் வச்சு, பின்னாடி ஆள வச்சுக்கிட்டு, அந்த இறக்கத்துல. 2022 டிசம்பர்ல சபரிமலை போயிட்டு திரும்புன நம்ம ஆண்டிபட்டி பக்கத்து ஆளுங்க கார் இதே மலைப்பாதைல விழுந்து 8 பேரு போனாங்களே, வீட்டுக்காரி இறங்குனதும் கேட்ட முதல் வார்த்தை அது தான், அவங்க விழுந்தது எந்த இடம்ங்கன்னு.

பின் பிரேக் டிஸ்க்க பார்த்தேன், ஓரம் பூராம் மயில் கழுத்து நிறத்துல நீலமா ஓடியிருக்கு. மழைத்துளி விழுந்து விழுந்து சுர்ருன்னு ஆவியா போகுது. நான் பாட்டில்ல இருந்த தண்ணிய ஊத்த போனேன், அந்த நேரம் தோட்ட வேலைக்கு போயிட்டு ஆளுங்கள ஏத்திட்டு இறங்குன ஜீப்காரர் நிறுத்தி, "அண்ணே ஊத்தாதீங்க, டிஸ்க் வளைஞ்சிரும்"னு கத்துனாரு. ஜீப்ல இருந்த அக்காங்க நெருங்கி உக்காந்து இடம் விட்டு வீட்டுக்காரிய லோயர் கேம்ப் வரைக்கும் கூட்டிட்டு போனாங்க, காசு குடுத்ததுக்கு வாங்கல. நான் முக்கால் மணி நேரம் குரங்குக கூட உக்காந்திருந்தேன்.

அந்த மேனேஜருக்கு அங்க இருந்தே போன் போட்டேன். "அண்ணா நீங்க பின் பிரேக்ல கால வச்சுக்கிட்டே ஓட்டுறீங்க போல, அது ரைடிங் ஸ்டைல்." முப்பது வருஷமா அதே மலைல ஏறி இறங்குறவன்கிட்ட.

மறுநாள் குட்டி யானைல வண்டிய ஏத்தி மதுரைல கம்பெனி சர்வீஸ் சென்டருக்கு கொண்டு போனேன். அங்க இருந்த பெரியவர், இருபது வருஷ சர்வீஸ் இருக்கும், சேஸிஸ் நம்பர போட்டு பார்த்துட்டு, "ரீகால் ஓப்பனா இருக்கே சார், ஏன் வரல?"ன்னாரு. பண்ணியாச்சுங்க, 18,500 குடுத்து பண்ணியாச்சுன்னு ஸ்டிக்கர காட்டுனேன். அவரு ஒண்ணும் பேசாம கூட்டிட்டு போயி கீழ உக்கார வச்சு டார்ச் அடிச்சு காட்டுனாரு. மாஸ்டர் சிலிண்டர் போல்ட்டு ரெண்டுலயும், போல்ட்டு தலைல இருந்து உடம்பு வரைக்கும் ஒரே கோடா மஞ்சள் பெயிண்ட் இருக்கு. ஃபேக்டரில முறுக்குன உடனே போடுற கோடாம் அது, போல்ட்டு ஒரு நூல் திரும்புனாலும் கோடு உடைஞ்சிரும். உடையல. ரெண்டு கோடும் அப்படியே நேரா இருக்கு. ஒருத்தனும் அத தொடவே இல்ல. 18,500 ரூபாய்க்கு எனக்கு கிடைச்சது ஒரு கழுவலும் பச்சை ஸ்டிக்கரும் தான்.

பழைய பார்ட்ட கழட்டி பிரிச்சு காட்டுனாரு. பிரேக் ஆயில் கருப்பட்டி காப்பி நிறத்துல. சிலிண்டருக்குள்ள ஊசி முனை அளவுக்கு ஒரு ஓட்டை, கால எடுத்ததும் ஆயில் அது வழியா மேல டப்பாக்கு திரும்பணும். அந்த ஓட்டை மறைஞ்சு நின்னுட்டா ஆயில் திரும்ப வழி இல்ல, பேடு டிஸ்க்க விடாது, உரசி உரசி சூடேறும், சூடேறுன ஆயில் இன்னும் விரியும், இன்னும் இறுக்கும், கடைசில கொதிச்சு உள்ள குமிழி விழுந்துட்டா மிதி தொபுக்குன்னு கீழ போயிரும். வண்டி கனமா இருந்தது, கருகல் வாடை, மிதி போனது எல்லாமே ஒரே நோயோட படி தான். புது சிலிண்டர் போட்டு புது ஆயில் ஊத்தி கொடுத்தாங்க. எவ்வளவுங்கன்னேன். "ரீகாலுக்கு ஏது சார் காசு?"ன்னாரு. செகண்ட் ஓனர்ங்கன்னேன். "ரீகால் வண்டிக்கு சார், ஆளுக்கு இல்ல"ன்னாரு. பார்ட்டு அவங்க ரேக்லயே இருந்துச்சு, ரெண்டு மாசமும் இல்ல ரெண்டு நாளும் இல்ல. வளைஞ்ச டிஸ்க்குக்கும் பேடுக்கும் மட்டும் 9,400 என் கைக்காசு.

ரீகால்னா வண்டியவே கம்பெனி திரும்ப வாங்கிக்கும்னு நம்ம ஆளுங்க நிறைய பேரு பயந்து போகாம இருக்காங்க, அப்படி இல்ல, குறை இருக்க பார்ட்ட அவங்க செலவுல சரி பண்ணி குடுத்துடுறாங்க. 2021 மே மாசம் ராயல் என்ஃபீல்டு இக்னிஷன் காயிலுக்காக 2,36,966 வண்டிய கூப்பிட்டாங்களே, அது மாதிரி தான். வெளிநாட்டுல லட்சக்கணக்குல விக்கிற பெரிய டூரிங் வண்டிக்கே வந்திருக்கு, 2011-ல ஹோண்டா கோல்டுவிங்குக்கு பின் பிரேக் விடாம பிடிச்சு தீப்பிடிக்கலாம்னு ரீகால் பண்ணாங்க, 2018-ல ஹார்லி, ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்காம பிரேக் பிடிக்கிற அமைப்பு) வச்ச 2008-ல இருந்து 2011 வரைக்குமான வண்டிங்கள கூப்பிட்டாங்க, ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா பிரேக் ஆயில் மாத்தாம விட்டா உள்ள படிவு கட்டி பிரேக்கே போகலாம்னு. நம்ம நாட்டுலயும் 2019-ல மோட்டார் வாகன சட்டத்த திருத்தி 110ஏ-ன்னு பிரிவு கொண்டு வந்து, 2021 ஏப்ரல் 1-ல இருந்து ரூல்ஸ் அமல்ல இருக்கு, 7 வருஷத்துக்கு உட்பட்ட வண்டில பாதுகாப்பு குறைன்னா அரசாங்கமே ரீகால் பண்ண வைக்கலாம், கம்பெனிக்கு 10 லட்சத்துல இருந்து 1 கோடி வரைக்கும் அபராதம். ஆனா அந்த விசாரணை ஆரம்பிக்கவே ஓனருங்க புகார் ஒரு அளவுக்கு சேரணும். நான், கம்பத்து பையன், கட்டப்பனை வாத்தியார் மூணு பேரும் டீக்கடைல பேசுனது எந்த கணக்குலயும் ஏறாது. அரசாங்கத்தோட வாகன் சைட்டுல புகார் போட இடம் இருக்கு, நான் போடல. அது என் தப்பு.

சரி, மதுரைல ரிப்போர்ட்டு எழுதி வாங்கிட்டு அந்த கராஜுக்கு திரும்ப போன் போட்டேன். மெக்கானிக் லீவுண்ணா, ஓணம் கழியட்டும்னான். ஓணம் கழிஞ்சது. ஓனர் துபாய்ல இருக்காருன்னான். ஒரு வாரம் கழிச்சு, "நாங்க ரீகால் பண்றோம்னு சொல்லவே இல்லையே அண்ணா, அது ஜெனரல் சர்வீஸ்"னான். அப்ப அந்த ஸ்டிக்கர் என்ன தம்பின்னேன், லைன் கட். நேர்ல போனேன். அதே கண்ணாடி ரூம்ல இந்த தடவை காப்பியும் வரல, உக்காருன்னும் சொல்லல. துபாய்ல இருந்த ஓனர் உள்ள தான் உக்காந்திருந்தாரு. 18,500 குடுத்திருக்கேன்னு ஜிபேய காட்டுனா, அது எங்க அக்கவுண்டே இல்லன்னாரு. எஸ்டிமேட் தாள காட்டுனா, இதுல எங்க சீல் எங்கன்னாரு. கடைசில சொன்னாரு, "தமிழ்நாட்டு வண்டி, தமிழ்நாட்டு ஆளு, கேஸ் போடணும்னா இங்க வந்து போட்டு அலைங்க." அப்புறம் என் நம்பர பிளாக் பண்ணிட்டாய்ங்க.

இத மலையாளி தமிழன்னு யாரும் திருப்பாதீங்க, கீழ வந்து அப்படி எழுதுனா நானே அழிச்சிடுவேன். எனக்கு 1915-க்கு கூப்பிட சொல்லி குடுத்ததே குமுளில மசாலா கடை வச்சிருக்க மலையாளி கூட்டாளி தான், அவனும் என் கூட அந்த கராஜுக்கு வந்து அவங்க பாஷைலயே சண்டை போட்டான். 1915 நுகர்வோர் ஹெல்ப்லைன், தமிழ்லயே பேசுனாங்க, புகார் நம்பர் குடுத்திருக்காங்க. அந்த ஓனர் சொன்னதும் பொய் தான், 2019 நுகர்வோர் சட்டப்படி நம்ம குடியிருக்க மாவட்டத்துலயே கேஸ் போடலாம், நான் தேனிலயே போடலாம், 5 லட்சம் வரைக்கும் கட்டணமும் கிடையாது, ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும்.

என்ன பண்ணணும்னு விவரமா எழுதலாம்னு தான் ஆரம்பிச்சேன், கை வலிக்குது, முக்கியமானது மட்டும் சொல்லிடுறேன். ரீகாலுக்கு யாரு காசு கேட்டாலும் வண்டிய எடுத்துட்டு வெளிய வந்துருங்க, கம்பெனி சர்வீஸ் சென்டர்ல மட்டும் பண்ணுங்க, செகண்ட் ஓனர் தேர்ட் ஓனர் யாரா இருந்தாலும். செகண்ட்ஹேண்ட் வாங்குன அன்னைக்கே கம்பெனிக்கு போன் போட்டு உங்க பேரு நம்பர மாத்துங்க, இல்லன்னா ரீகால் மெசேஜ் பழைய ஓனருக்கு போயிட்டே இருக்கும். சேஸிஸ் நம்பர இன்னைக்கே கம்பெனி சைட்ல போட்டு பாருங்க, அந்த நம்பர்ல இங்கிலீஷ் ஐ, ஓ, க்யூ எழுத்து வராது, ஓ மாதிரி இருக்கது பூஜ்யம், மாத்தி போட்டுட்டு நம்ம வண்டி லிஸ்ட்ல இல்லன்னு இருந்துராதீங்க. பார்ட்டு மாத்துனா பழைய பார்ட்ட கேட்டு வாங்குங்க. வேற ஆளு பேருக்கு ஜிபே பண்ணாதீங்க. வண்டி தள்ள கனமா இருந்தா மலை ஏறாதீங்க.

இதே மாதிரி ரீகாலுன்னு சொல்லி யாருகிட்டயாவது காசு வாங்கியிருந்தா எனக்கு மெசேஜ் போடுங்க, ஒரு ஆளா இருக்கதுக்கு நாலு பேரா போனா நல்லது. எஸ்டிமேட் தாளு, ஜிபே ஸ்க்ரீன்ஷாட், மஞ்சள் கோடு உடையாம இருக்க போட்டோ, மதுரை ரிப்போர்ட்டு எல்லாம் ஒரு கவர்ல போட்டு வச்சிருக்கேன். பழைய சிலிண்டரையும் கேட்டேன், ரீகால் பார்ட்டு கம்பெனிக்கு திருப்பி அனுப்பணும்னு சொல்லிட்டாங்க, போட்டோ மட்டும் எடுத்துக்கிட்டேன். பச்சை ஸ்டிக்கர இன்னும் வண்டில இருந்து கிழிக்கல. திங்கக்கிழமை தேனி போறேன்.